நிகாஹ்வுக்கு நாள் குறிக்குமுன் இரண்டு கடதாசிகளைப் பாருங்கள்



பெண் பிள்ளை பல்கலைக்கழகம் போனாலே ஊர் முழுவதும் பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்று எமது பெண்கள் வைத்தியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் இருக்கிறார்கள். புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா வரை சென்று படிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அதே அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்று வாழும் எமது இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் இடையில் கலியாணப் பேச்சு எழுவது இயல்பானதே.

"மகளும் அங்கதானே படிக்கிறா, மாப்பிள்ளையும் அங்கதானே இருக்கிறார். கிறீன் கார்ட்டும் இருக்காம். பிறகென்ன?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கிறீன் கார்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் சீதனப் பேச்சும் ஒரு படி ஏறி விடுகிறது. ஆனால் அந்தப் "பிறகென்ன" என்ற கேள்விக்குள் இளம் தம்பதியரை வருடக்கணக்கில் பிரித்து வைக்கக்கூடிய சட்டச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கலியாணத்துக்குப் பின் அறிந்து கண்ணீர் விடுவதைவிட, முன்னரே அறிந்து ஆயத்தமாவது நல்லதல்லவா?

இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: நிகாஹ்வுக்கு நாள் குறிக்குமுன் இரண்டு கடதாசிகளைப் பாருங்கள். ஒன்று, படிக்கச் சென்றவரின் விசாக் கடதாசி. மற்றது, அங்கே வாழ்பவரின் வதிவுரிமைக் கடதாசி. பெண் படிக்கச் சென்றவராகவும் மாப்பிள்ளை நிரந்தர வதிவாளராகவும் இருப்பதாக வைத்தே இங்கு விளக்குகிறோம். நிலைமை மாறி இருந்தாலும் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

ஜே-1 என்றால் என்ன?

அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்பவர்கள் எல்லோரும் ஒரே விசாவில் செல்வதில்லை. சொந்தச் செலவிலோ பல்கலைக்கழகத்தின் உதவியிலோ செல்லும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் எஃப்-1 விசா கிடைக்கும். பரிமாற்ற வருகையாளராகச் செல்பவருக்குக் கிடைப்பது ஜே-1. ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் பெற்றவர்கள், ஆராய்ச்சியாளர்கள், வருகை விரிவுரையாளர்கள், மேற்பயிற்சிக்குச் செல்லும் வைத்தியர்களில் அநேகர் ஆகியோர் இந்த வகையினர். இவர்கள் கையில் டீஎஸ்-2019 என்ற படிவம் இருக்கும். உடன் செல்லும் கணவனுக்கு அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜே-2 விசா வழங்கப்படும்.

இப்பரிமாற்றத் திட்டம் 1961ஆம் ஆண்டின் சட்டமொன்றை அடிப்படையாகக் கொண்டது. படித்தவர் தான் பெற்ற அறிவோடு தன் நாட்டுக்குத் திரும்பி, அங்குள்ள மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் பிறந்ததுதான் பலருக்கும் தலையிடி கொடுக்கும் "இரண்டு வருட நிபந்தனை."

இரண்டு வருட நிபந்தனை

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(ஈ) பிரிவு சொல்வது இது: இந்நிபந்தனைக்கு உட்பட்டவர் தன் நாட்டில் மொத்தமாக இரண்டு வருடம் வாழ்ந்து முடிக்கும் வரை அவருக்குக் கிறீன் கார்ட் கிடையாது. தொழில் விசாக்களான எச், எல் ஆகியனவும், பிரஜையை மணமுடிக்கச் செல்பவருக்கான கே விசாவும் கிடையாது. கலியாணம் முடித்தாலும் இந்நிபந்தனை நீங்காது. அமெரிக்காவில் பிள்ளை பிறந்தாலும் நீங்காது. கணவர் அமெரிக்கப் பிரஜையாகவே இருந்தாலும் தானாக நீங்காது.

ஜே-1 விசாவில் சென்ற எல்லோரும் இதற்கு உட்பட்டவர்கள் அல்லர். மூன்று வகையினரே உட்பட்டவர்கள்.

முதலாவது, அமெரிக்க அரசாங்கத்திடமிருந்தோ தம் நாட்டு அரசாங்கத்திடமிருந்தோ இந்தத் திட்டத்துக்காக நிதி பெற்றவர்கள். ஃபுல்பிரைட் பெற்றவர்கள் இதில் அடங்குவர்.

இரண்டாவது, தம் நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்கா வெளியிட்டுள்ள பட்டியலில் அடங்கும் துறையில் பயில்பவர்கள். இப்பட்டியல் 2024 டிசம்பர் மாதம் 9ஆம் திகதி பெரிதும் மாற்றப்பட்டது. இந்தியா, சீனா உட்படப் பல நாடுகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. முன்னர் சென்றவர்களுக்கும் அந்த மாற்றம் பயன் தருகிறது. எனவே பழைய பட்டியலை வைத்து யாரும் சொல்லும் கதையை நம்பாமல், புதிய பட்டியலில் தன் நாட்டின் பெயரும் துறையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, ஜே-1 விசாவில் மேற்பயிற்சிக்குச் செல்லும் வைத்தியர்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவர்கள் எந்த நாட்டவராயினும், பணம் எங்கிருந்து வந்தாலும் இந்நிபந்தனைக்கு உட்பட்டவர்களே.

உட்பட்டவரா இல்லையா என்பதைக் கடவுச்சீட்டிலுள்ள விசாவிலும் டீஎஸ்-2019 படிவத்திலும் குறித்திருப்பார்கள். இக்குறிப்பு சில வேளை தவறாகவும் இருக்கும். சந்தேகம் இருந்தால் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்திடம் எழுத்து மூலம் அபிப்பிராயம் கோரலாம். நாம் பார்க்கச் சொல்லும் முதலாவது கடதாசி இதுதான்.

இன்னுமொன்று. ஜே-1 கணவருடன் ஜே-2 விசாவில் செல்லும் மனைவியும் அதே நிபந்தனைக்கு உட்பட்டவரே. "நான் படிக்கப் போகவில்லையே, எனக்கேன்?" என்று கேட்டுப் பயனில்லை.

வதிவாளர் வேறு, பிரஜை வேறு

இரண்டாவது கடதாசிக்கு வருவோம். "அமெரிக்க மாப்பிள்ளை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லி விடுகிறோம். ஆனால் அமெரிக்கப் பிரஜைக்கும் கிறீன் கார்ட் வைத்திருக்கும் நிரந்தர வதிவாளருக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பிரஜையின் மனைவிக்கு வருடாந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. அவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நிரந்தர வதிவாளரின் மனைவியோ "எஃப் 2 ஏ" என்ற பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். கணவர் ஐ-130 என்ற மனுவைச் சமர்ப்பிக்கும் நாளே அந்த வரிசையில் மனைவியின் இடத்தைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு மாதமும் இராஜாங்கத் திணைக்களம் வெளியிடும் விசா அறிக்கையில், எந்தத் திகதி வரை மனுச் செய்தவர்களுக்கு இடம் கிடைத்துள்ளது என்று அறிவிப்பார்கள். 2019 ஜூலை முதல் சில வருடங்கள் இப்பிரிவில் காத்திருப்பே இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் மீண்டும் வரிசை உண்டாயிற்று. ஆகவே "என் மச்சிக்கு உடனே கிடைத்ததே" என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. அவர் எந்த வருடத்தில் விண்ணப்பித்தார் என்று கேளுங்கள்.

வரிசையில் நிற்கும் காலம் முழுவதும் அமெரிக்காவில் தங்கியிருக்கலாமா? ஐ-130 மனு மட்டும் தங்கும் உரிமையைத் தராது. ஜே-1 திட்டம் முடிந்ததும் ஊர் திரும்பும் ஆயத்தத்துக்காக 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகும் தங்கினால் அது சட்டவிரோதம். பிரஜையின் மனைவி இப்படித் தவறினால் சட்டம் ஓரளவு மன்னிக்கிறது. வதிவாளரின் மனைவிக்கு அந்த மன்னிப்பு இல்லை. விசா நிலையை இழந்தவரும் அனுமதியின்றி வேலை செய்தவரும் உள்ளே இருந்தபடியே கிறீன் கார்ட்டுக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பொதுவாக இழந்து விடுவர். சட்டவிரோதமாக 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறினால் மூன்று வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கி வெளியேறினால் பத்து வருடமும் மீண்டும் நுழையத் தடை விழும். "வந்தாச்சு, இனி இருந்து பார்ப்போம்" என்ற பேச்சு எத்தனை பெரிய ஆபத்து என்பதை உணருங்கள்.

இரண்டு வருட நிபந்தனை இல்லாதவராகவும், தன் விசா நிலையை ஒழுங்காகக் காத்தவராகவும், வரிசையில் தன் முறை வந்தவராகவும் இருந்தால் ஐ-485 என்ற விண்ணப்பத்தின் மூலம் அமெரிக்காவில் இருந்தபடியே நிரந்தர வதிவாளராகலாம். அதைச் சமர்ப்பித்த பின் முன் அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஊரில் மையித்து என்றாலும் சரி, தங்கையின் கலியாணம் என்றாலும் சரி, அனுமதிக் கடதாசி கைக்கு வரும்வரை விமானம் ஏறாதீர்கள்.

கணவர் கிறீன் கார்ட் பெற்று எத்தனை வருடமாகிறது என்பதும் முக்கியம். பொதுவாக ஐந்து வருடத்தில் அவர் பிரஜாவுரிமைக்குத் தகுதி பெறுவார். அவர் பிரஜையான நாளில் மனைவி வரிசையிலிருந்து வெளியே வந்து விடுவார். ஆனால் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. வதிவாளரின் மனைவிக்கான மனுவில் அவரது பிள்ளைகளும் சேர்ந்தே செல்லலாம். கணவர் பிரஜையானதும் அந்தச் சலுகை அற்றுப் போகும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மனு வேண்டும். இதை மறந்ததனால் தாய்க்கு விசா வந்து பிள்ளைக்கு வராமல் போகலாம்.

நிபந்தனை தளர்த்தப்படுமா?

இரண்டு வருட நிபந்தனைக்கு உட்பட்டவர் விதிவிலக்குக் கோரச் சட்டத்தில் வழிகள் உள்ளன.

ஒன்று, சொந்த நாட்டு அரசாங்கம் "எமக்கு ஆட்சேபனை இல்லை" என்று வொஷிங்டனிலுள்ள தன் தூதுவராலயம் மூலம் எழுதுவது. மேற்பயிற்சி வைத்தியர்களுக்கு இவ்வழி இல்லை. அமெரிக்க அரசின் பணத்தில் படித்தவர்களுக்கும் இக்கடிதம் பெரும்பாலும் பலனளிப்பதில்லை.

இரண்டாவது, கணவருக்கோ பிள்ளைக்கோ ஏற்படும் அசாதாரணமான கஷ்டத்தைக் காட்டுவது. இதற்கு ஐ-612 என்ற விண்ணப்பம் உண்டு. கணவர் நிரந்தர வதிவாளராக இருந்தாலே இதற்குப் போதுமானது. ஆனால் இரு பக்கமும் நிரூபிக்க வேண்டும். மனைவி போய் விட்டால் அமெரிக்காவில் கணவர் படும் கஷ்டம் ஒரு பக்கம். கணவரும் கூடவே மனைவியின் நாட்டுக்குச் சென்றால் அவர் படும் கஷ்டம் மறு பக்கம். "பிரிந்திருப்பது மனதுக்கு வேதனை" என்பது மட்டும் போதாது, அது எல்லாத் தம்பதியருக்கும் உள்ளதுதானே என்பார்கள். தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய், விசேட பராமரிப்பு வேண்டிய பிள்ளை, கணவரையே நம்பியிருக்கும் வயோதிபப் பெற்றோர் போன்றவற்றை வைத்திய அறிக்கைகளுடன் காட்ட வேண்டும்.

மூன்றாவது, நாட்டுக்குத் திரும்பினால் இனத்தின், மதத்தின், அரசியல் கருத்தின் பெயரால் துன்புறுத்தப்படுவேன் என்று காட்டுவது. நான்காவது, அமெரிக்க அரசுத் திணைக்களம் ஒன்று தன் தேவைக்காகப் பரிந்துரைப்பது. ஐந்தாவது வைத்தியர்களுக்குரியது. வைத்தியர் பற்றாக்குறையுள்ள பிரதேசத்தில் மூன்று வருடம் பணியாற்ற ஒப்புக்கொண்டால் மாநிலச் சுகாதாரத் திணைக்களம் பரிந்துரைக்கலாம். மாநிலம் ஒன்றுக்கு வருடத்துக்கு 30 பேர் என்ற அளவில் இயங்கி வந்த இத்திட்டத்தின் ஆயுளைக் காங்கிரஸ் காலத்துக்குக் காலம் நீடித்து வந்துள்ளது. விண்ணப்பிக்கும் வேளையில் அது நடைமுறையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்குக்குச் சாதகமான பரிந்துரை கிடைத்த பின் ஜே-1 திட்டத்தை நீடிக்க முடியாது என்பதும் பலர் அறியாத செய்தி. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் தேவையென்றால் விண்ணப்பிக்கும் நேரத்தைச் சட்டத்தரணியுடன் ஆலோசித்தே தீர்மானிக்க வேண்டும்.

ஊர் திரும்புவது தோல்வியா?

விதிவிலக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பொய்க் கஷ்டம் சொல்லலாமா, பொய்க் கடிதம் எடுக்கலாமா என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சகோதரிகளே, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது எமது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. புலமைப்பரிசிலை ஏற்கும்போது "படித்து முடித்துத் திரும்புவேன்" என்று கையொப்பமிட்டது ஓர் அமானிதம். பொய்யான ஆவணம் கொடுப்பவர் அல்லாஹ்விடம் குற்றவாளியாவது ஒரு புறமிருக்க, அமெரிக்கச் சட்டத்திலும் நிரந்தரத் தடைக்கு ஆளாகலாம்.

உண்மையில் ஊர் திரும்புவது வீணான காலமல்ல. இரண்டு வருட நிபந்தனை இருந்தாலும் கணவர் ஐ-130 மனுவைத் திருமணம் முடிந்த உடனேயே சமர்ப்பிக்கலாம். அப்படிச் செய்தால் வரிசையில் நிற்கும் காலமும் ஊரில் வாழும் இரண்டு வருடமும் ஒன்றாகவே கழியும். இரண்டு வருடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, ஊரில் இருந்த நாட்களைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். அதன் பின் முறை வந்ததும் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதுவராலயத்தில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லலாம். இவ்விரண்டு வருடத்தில் எமது வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் ஒரு படித்த பெண்ணின் சேவையைப் பெறும். பெற்றோரின் து'ஆவும் கிடைக்கும்.

கணவரும் அடிக்கடி வந்து போகலாம். ஆனால் அவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பிரஜாவுரிமைக்கான காலக் கணக்குப் பாதிக்கப்படலாம். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் தங்குவதானால் மீள்நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் அவரது கிறீன் கார்ட்டுக்கே ஆபத்து.

நிகாஹ்வும் பதிவும்

எமது வீடுகளில் தொலைபேசியிலோ வக்கீல் வைத்தோ நிகாஹ் செய்யும் வழக்கம் உண்டு. மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்பதில்லை. நிகாஹ்வுக்குப் பின் இருவரும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்திருந்தால் மட்டுமே ஏற்கும். ஆகவே நிகாஹ் நடந்த கையோடு ஐ-130 மனுவை அனுப்பாமல், இருவரும் சேர்ந்த பின்னர் விமானப் பற்றுச்சீட்டு, புகைப்படம் முதலிய ஆதாரங்களுடன் அனுப்புவதே பாதுகாப்பானது.

எமது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் நிகாஹ் செல்லாமற் போவதில்லை. ஆனால் தூதுவராலயம் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். நிகாஹ் அமெரிக்காவில் நடந்தால் பள்ளிவாசல் இமாம் ஓதி வைத்த கடதாசியோடு நின்று விடாமல், அந்த மாநிலத்தின் திருமண அனுமதிப்பத்திரத்தையும் பெற்றுப் பதிய வேண்டும். முதல் மனைவி இருக்க இரண்டாவதாக முடித்த கலியாணத்துக்கு அமெரிக்கா விசா வழங்காது என்பதையும் பெண் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

மனைவிக்குள்ள பாதுகாப்பு

திருமணமாகி இரண்டு வருடம் நிறையுமுன் கிடைக்கும் கிறீன் கார்ட் இரண்டு வருடத்துக்கு மட்டுமே செல்லும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கணவர் கொடுமை செய்பவராக இருந்தாலோ விவாகரத்து நடந்து விட்டாலோ மனைவி தனியாகவும் விண்ணப்பிக்கலாம். கணவர் மனுச் செய்யாமலே "உன்னைத் திருப்பி அனுப்பி விடுவேன்" என்று மிரட்டித் துன்புறுத்தினால், அவருக்குத் தெரியாமல் மனைவியே ஐ-360 என்ற படிவத்தில் மனுச் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. உங்கள் கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ், டீஎஸ்-2019 ஆகியவற்றின் பிரதிகளை எப்போதும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

கேட்டுத் தெளிய வேண்டியவை

மஹர், வீடு, விருந்து பற்றியெல்லாம் பேசும் அதே சபையில் இவற்றையும் கேளுங்கள்:

1. படிக்கச் சென்றவரின் விசாவிலும் டீஎஸ்-2019 படிவத்திலும் இரண்டு வருட நிபந்தனை பற்றி என்ன குறித்திருக்கிறது?

2. படிப்புக்குப் பணம் கொடுத்தது யார்? திரும்பி வருவதாக இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கோ அரசாங்கத்துக்கோ பிணை எழுதியிருக்கிறாரா?

3. மாப்பிள்ளை பிரஜையா, நிரந்தர வதிவாளரா? வதிவாளரானால் எந்த வருடம் முதல்?

4. இந்த மாத விசா அறிக்கையில் எஃப் 2 ஏ பிரிவு எந்தத் திகதியில் நிற்கிறது? ஜே-1 திட்டம் எப்போது முடிகிறது?

5. பிரிந்திருக்க நேர்ந்தால் எவ்வளவு காலம் பொறுக்க இருவரும் உடன்படுகிறார்கள்? அக்காலத்தில் மனைவியின் செலவுக்கு என்ன ஏற்பாடு?

கடைசிக் கேள்வியைப் பெரியவர்கள் தமக்குள் தீர்மானித்து விடாமல் மகளிடமே கேளுங்கள். காத்திருக்கப் போவது அவள். இரண்டு வருடம் என்று தெரிந்து கொண்டு "சம்மதம்" என்று சொல்லும் பெண், அந்த இரண்டு வருடத்தையும் தைரியமாகக் கடப்பாள். தெரியாமல் கழுத்தை நீட்டியவளுக்கோ ஒவ்வொரு மாதமும் ஏமாற்றமாகவே கழியும்.

சட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே இங்கு சொன்னவற்றை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, இறுதி முடிவை அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் எடுங்கள். மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பின்னர் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து நாள் குறியுங்கள். எமது பிள்ளைகளின் இல்லறங்களில் அவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.